வெற்றுக் கட்டங்கள்: ரோல்கீனின் நடுவுலகும் மெய்யுலகத் தேசப்படமும்

2015ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் நகரின் பழைய நூல்விற்பனை நிலையமொன்றில் ஒரு தேசப்படம் வெளிவந்தது. போலின் பெயின்ஸ் என்னும் ஓவியர் வைத்திருந்த 'லோட் ஒவ் த றிங்ஸ்' நாவற் பிரதியொன்றினுள் அது மடிக்கப்பட்டுக் கிடந்தது. ஜே. ஆர். ஆர். ரோல்கீனின் அந்நாவலுக்கு 1970ஆம் ஆண்டில் வெளியான பெரிய சுவர்த் தேசப்படத்தை வரைந்தவர் இவ்வோவியரே. வரையும் பணிக்கு உதவியாக, நூலிலிருந்த பழைய படத்தைத் தனியே பிரித்து, அதன்மேல் ஆசிரியரும் ஓவியரும் குறிப்புகள் பலவற்றைப் பச்சை மையாலும் பென்சிலாலும் எழுதியிருந்தனர். 2016இல் பொட்லியன் நூலகம் அதனை விலைக்கு வாங்கிக்கொண்டது.

அக்குறிப்புகளுள் சில, நாவலின் வாசகர் நெடுநாள் எதிர்பார்த்திருந்தவை. கதை தொடங்கும் சிற்றூராகிய ஹொபிற்றன் ஏறத்தாழ ஒக்ஸ்போட்டின் அகலக்கோட்டில் உள்ளதெனக் கொள்ள வேண்டும். தென்னாட்டின் தலைநகராகிய மினாஸ் ரிரித் இத்தாலியின் றவென்னாவின் அகலக்கோட்டில் உள்ளது, ஆயினும் ஹொபிற்றனுக்கு 900 மைல் கிழக்கே அமைவதால் பெல்கிரேட்டுக்கு அண்மையில் வரும். கடற்கொள்ளையரின் உம்பார்த் துறைமுகம் சைப்பிரசின் அகலக்கோட்டை ஒட்டியது. 1450 மைல் தெற்கே முடிவுறும் படத்தின் கீழ் விளிம்பு ஜெருசலேமின் அகலக்கோட்டில் விழுகிறது. இவையே அவற்றின் சாரம். 1967ஆம் ஆண்டுக் கடிதமொன்றிலும் ரோல்கீன் இதே கணக்கைச் சிறு வேறுபாட்டுடன் கூறியுள்ளார். ஆங்கே மினாஸ் ரிரித்துக்கு இணையாகக் கூறப்படுவது புளோரன்ஸ். அன்டுயின் பேராற்றின் கழிமுகத்துக்கு இணையாகக் கூறப்படுவது பழைய துரோய் நகர். ஒக்ஸ்போட்டிலிருந்து 600 மைல் தெற்கே சென்றால் அகலக்கோடு ஏறத்தாழ ஒன்பது பாகை குறையும் என்பதைப் பள்ளித் தேசப்படத்தொகுதி கொண்டே சரிபார்க்கலாம். கணக்குப் பிழையில்லை.

இக்குறிப்புகளைக் கண்டவுடன், நடுவுலகம் என்பது மாறுவேடம் பூண்ட ஐரோப்பாவே என்று முடிவுகட்டுவோர் உளர். கொண்டோர் இத்தாலி என்றும், தீயோன் ஆளும் மோர்டோர் கருங்கடலுக்கு அப்பாலுள்ள நாடு என்றும் ஒரு படத்தின்மேல் மற்றொன்றை வைத்துப் பொருத்துதல் வாசகரிடையே பழைய பொழுதுபோக்கு. ஆயின் ரோல்கீன் எழுதியதைக் கூர்ந்து நோக்குமிடத்து, அவர் எவ்விடத்தும் இந்நகர் இன்ன நகரே என்று கூறவில்லை என்பது புலனாகும். கரையோரத்தின் வடிவம், ஆறுகளின் போக்கு, மலைகளின் நிரை ஆகிய எதனையும் அவர் மெய்யுலகிலிருந்து பெறவில்லை. பெற்றது அகலக்கோடு. அகலக்கோடு என்பது வெயிலின் சாய்வு, பயிரின் வகை, பகற்பொழுதின் நீளம். அதாவது, நிலத்தின் உருவத்தை விடுத்து, நிலத்தை நோக்குபவன் நிற்கும் இடத்தை அவர் மெய்யுலகிலிருந்து பெற்றார். அவ்விடம் ஒக்ஸ்போட்.

இவ்வேறுபாட்டின் முக்கியத்துவத்தை உணர்வதற்கு, கற்பனை நாடுகள் மெய்யான தேசப்படத்தோடு முன்னர் எவ்வாறு உறவுகொண்டிருந்தன என்பதை அறிதல் வேண்டும். 1516இல் வெளியான தோமஸ் மோரின் 'உற்றோப்பியா'வில், அத்தீவைக் கண்டு மீண்டதாகக் கூறும் பயணி வெஸ்பூச்சியின் கடற்பயணத்தில் உடன் சென்றவன். அவன் திரும்பும் வழியில் தப்ரபேனை அடைந்து, அங்கிருந்து கள்ளிக்கோட்டைக்குச் சென்று, போர்த்துக்கேயக் கப்பல்களைக் காண்கிறான். தப்ரபேன் என்பது இலங்கையே. இல்லாத நாட்டிலிருந்து இருக்கும் நாட்டுக்குத் திரும்பும் வழியில் இத்தீவு ஒரு வாயிற்படியாக நின்றிருக்கிறது! 1726இல் சுவிப்ற் எழுதிய 'கலிவரின் பயணங்கள்' நூலும் இம்முறையையே பின்பற்றியது. அதிலுள்ள படத்தில் லில்லிப்புற் சுமாத்திராவுக்கு அருகில் வரையப்பட்டுள்ளது. அரக்கர் நாடு வட அமெரிக்காவின் ஓரத்தில் ஒட்டவைக்கப்பட்டுள்ளது. ஐரோப்பிய மாலுமி முழுதும் அறியாத கடற்பரப்பு எஞ்சியிருந்த காலத்தில், கற்பனை நாட்டுக்கு அக்கடலின் மூலையொன்றே போதுமானதாயிற்று. அம்மூலைகளில் வாழ்ந்த மக்களுக்கு அவை மூலைகளாகத் தோன்றியிருக்கமாட்டா என்பது வேறு விடயம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் உலகப்படத்தின் கரைகள் நிரம்பிவிட்டன. இடத்தில் ஒதுங்க இயலாத கற்பனை காலத்தில் ஒதுங்கலாயிற்று. 1930களில் அமெரிக்கரான றொபேட் ஈ. ஹவார்ட் தமது வீரகதைகளுக்கு வகுத்த பண்டையுலகை ஐரோப்பாவின் புறவுருவத்தின் மேலேயே வரைந்தார். எகிப்து இருக்குமிடத்தில் ஸ்ரிஜியா, இந்தியாவை நினைவூட்டும் வெந்தியா, சீனத்தை நினைவூட்டும் கித்தாய். அவசரமாக எழுதிப் பிழைத்த ஒருவரின் வசதியான வழி அது. பெயரைக் கேட்டவுடன் வாசகன் மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்வான். ரோல்கீனும் காலத்திலேயே ஒதுங்கினார். ஆயினும் அவ்வசதியை அவர் ஏற்கவில்லை. தமது கதையின் அரங்கு இந்தப் பூமியே, காலம் மட்டுமே கற்பனை என்று அவர் எழுதியுள்ளார். நாவலின் முன்னுரையில் ஹொபிற்றுகள் எனப்படும் சிறுமாந்தர் வாழ்ந்த நிலம் பழைய உலகின் வடமேற்கு என்றும், நிலங்களின் உருவம் அதன்பின் மாறிவிட்டதென்றும் ஒரு குறிப்பு வருகிறது. உருவம் மாறிவிட்டது என்ற அந்த ஒரு வாக்கியத்தால் கரைகளைப் பொருத்திப் பார்க்கும் முயற்சி முழுவதையும் அவர் முன்கூட்டியே தடுத்துவிட்டார்.

எனவே மெய்யுலகின் தடங்களைத் தேடுவோர் கரைகளை விட்டு அனுபவத்திற்குச் செல்லல் வேண்டும். ரோல்கீன் 1892இல் தென்னாபிரிக்காவின் புளூம்ஃபொன்ரெயினில் பிறந்தவர். நான்கு வயதில் பேர்மிங்ஹாமுக்கு அருகிலுள்ள சேர்ஹோல் என்னும் சிற்றூரில் குடியேறினார். நீரால் இயங்கிய ஆலையும் வயல்களும் சூழ்ந்த அவ்வூரை நகரம் விழுங்கியதை அவர் என்றும் மறக்கவில்லை. ஷயர் எனப்படும் ஹொபிற்றுகளின் நாட்டுக்கு ஊற்று அதுவே. 1911இல் சுவிற்சர்லாந்தின் மலைகளில் நடந்த அனுபவம், நாவலின் மூடுபனி மலைகளாகவும் ரிவென்டெல் பள்ளத்தாக்காகவும் மாறியது. இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அல்ப்ஸ் மலைகள் பெரும்பாலும் மேற்குக் கிழக்காகக் கிடப்பவை. மூடுபனி மலைகளோ வடக்குத் தெற்காக ஓடுபவை. கதை மேற்கிலிருந்து கிழக்கே செல்கிறது; வழியை மறித்து நிற்கும் மலை அதற்குத் தேவை. ஆகவே பாறையும் பனியும் சுவிற்சர்லாந்திலிருந்து வந்தன, திசை கதையிலிருந்து வந்தது. இனி, மோர்டோரின் வாயிலை அடையுமுன் வரும் சதுப்புநிலத்தில் நீருக்கடியில் இறந்தோரின் முகங்கள் தெரிகின்றன. அவ்விடம் 1916ஆம் ஆண்டுச் சோம் யுத்தத்தின் பின்னான வட பிரான்சுக்குக் கடன்பட்டதெனப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்; அப்போரில் அவர் இளம் அதிகாரியாக நின்றவர். சோம் நதிப் பிரதேசத்தை நடுவுலகப் படத்தில் எங்கே தேடினாலும் அகப்படாது. அகப்படுவது அதன் சேறு.

தாம் முதலில் தேசப்படத்தை வைத்துக்கொண்டே கதையை அதற்குப் பொருந்தச் செய்ததாகவும், மறுதலையாகச் செய்பவன் குழப்பத்தில் வீழ்வான் என்றும் ரோல்கீன் 1954இல் ஒரு கடிதத்தில் கூறினார். நாளொன்றுக்கு எத்தனை மைல் நடக்கலாம், எந்த இரவில் நிலவு எந்நிலையில் இருக்கும் என்பனவற்றையெல்லாம் அவர் கணக்கிட்டார். நாவலின் படத்தைச் செப்பமாக வரைந்தவர் அவருடைய மகன் கிறிஸ்தோபர். இக்கணக்கின் உறுதியாலேதான் 1981இல் கரன் வின் ஃபொன்ஸ்ராட் என்ற அமெரிக்கப் புவியியலாளர் இல்லாத இந்நாட்டுக்கு முழுமையானதொரு தேசப்படத்தொகுதியை, நிலவுருவம், காலநிலை, தாவரம், மொழி என வகுத்து வெளியிட முடிந்தது. ரோல்கீனின் உலகம் நம்பத்தக்கதாய் இருப்பதற்கு அதன் பூதங்களும் மந்திரங்களும் காரணமல்ல. பயணிகளின் கால்வலி மைற்கணக்குக்கு ஒத்திருப்பதே காரணம்.

ஆனால் படத்தை முதலில் வரைபவன், எத்திசையை நோக்கி நின்று வரைகிறான் என்ற வினா எழுகின்றது. இதற்கான விடை நாவலின் பின்னிணைப்பொன்றில், எழுத்துகளைப் பற்றிய பகுதியில், எவரும் எதிர்பாராத இடத்தில் கிடக்கிறது. எல்வ் இனத்தாரின் எழுத்துகளுட் சில திசைகளைக் குறிக்கப் பயன்பட்டனவாம். அவை மேற்கை முதலாகக் கொண்டு, மேற்கை நோக்கி நின்று பெயரிடப்பட்டனவாம். எனவே தெற்கைக் குறிக்கும் சொல்லின் பொருள் இடக்கைப் புறம். வடக்கைக் குறிக்கும் சொல்லின் பொருள் வலக்கைப் புறம். மனிதரின் மொழிகள் பலவற்றில் இது தலைகீழ் என்றும் அவரே சேர்த்துக் கூறுகிறார். வடமொழியில் தட்சிணம் என்பது வலப்புறத்தையும் தெற்கையும் ஒருங்கே குறிப்பது அறிந்ததே. அது ஞாயிறு எழும் திசையை நோக்கி நின்றவர் வகுத்த சொல். தமிழோ நிலத்தின் சரிவை நோக்கியது. கிழக்கும் மேற்கும் கீழ், மேல் என்பவற்றின் அடியாகப் பிறந்தவை; மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வங்கக் கடலுக்கு இறங்கும் நிலம் அச்சொற்களில் உறைந்துள்ளது. மன்னாரில் மேற்கே கிடப்பது கடல். ஆயினும் அங்குள்ளோரும் அதனை மேற்கு என்றே வழங்குகின்றனர். சொல்லைப் பிறப்பித்த நிலம் பின்தங்கிவிட, சொல் மட்டும் கடல் கடந்து வந்துவிட்டது.

மொழியறிஞராகிய ரோல்கீன் இதனை நன்கறிந்தவர். ஐரோப்பிய இடைக்கால உலகப்படங்களில் கிழக்கே மேலே இருக்கும்; அங்கே சுவர்க்கத் தோட்டமும் நடுவே ஜெருசலேமும் இடம்பெறும். 1300ஆம் ஆண்டளவில் வரையப்பட்ட ஹியர்ஃபோட் படம் இதற்குப் புகழ்பெற்ற சான்று. 1937இல் வெளியான 'ஹொபிற்' நூலில் வரும் குள்ளரின் படத்தைக் கிழக்கு மேலே இருக்கும்படி அவர் வரைந்தது இம்மரபை நினைந்தே எனலாம். ஆனால் பெரிய நாவலில் அவர் சுவர்க்கத்தை மேற்கே, கடலுக்கு அப்பால் வைத்தார். ஜெருசலேமின் அகலக்கோடோ படத்தின் கடைசி விளிம்பாயிற்று. இடைக்கால ஐரோப்பியன் உலகின் நடுவென்று கருதிய இடத்தோடு ரோல்கீனின் உலகம் முடிந்துவிடுகிறது. முகம் மேற்கை நோக்கியது, முதுகுப்புறம் கிழக்கு, இடக்கைப் புறம் தெற்கு. நாவலில் பகைவர் வருவது இவ்விரு திசைகளிலிருந்தே.

அப்பகைவரின் நாடுகளுக்குரிய பெயர்களை நோக்குக. ஹராட் என்றால் எல்வ் மொழியில் தெற்கு. ரூன் என்றால் கிழக்கு. ஹராட்டை அண்மை ஹராட், சேய்மை ஹராட் என இரண்டாக்குவர். யாருக்கு அண்மை, யாருக்குச் சேய்மை? அண்மைக் கிழக்கு, தூர கிழக்கு என்று இருபதாம் நூற்றாண்டின் செய்தித்தாள்கள் எழுதியபோது கேட்கவேண்டியிருந்த அதே வினா இது. ஷயரின் ஒரு பகுதிக்கு நாவலில் தனிப்படம் உண்டு. நீளத்தில் ஐம்பது லீக், அகலத்தில் நாற்பது லீக், அதாவது 150 மைலும் 120 மைலும் கொண்ட, இலங்கையினும் சிறிய அந்நாட்டின் சிற்றூர்களும் தோப்புகளும் ஓடைகளும் அதிலே பெயரோடு நிற்கின்றன. ஹராட்டின் பரப்பிலோ அந்நாட்டு மக்கள் தங்கள் ஊரை எவ்வாறு அழைத்தனர் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. பெயின்சுக்கு எழுதிய குறிப்பில், யானைகள் மினாஸ் ரிரித் போரில் வந்தாலும் அவற்றுக்குத் தக்க இடம் ஹராட்டின் வெற்றுக் கட்டங்களே என்று ரோல்கீன் எழுதுகிறார். ஒட்டகங்களும் அங்கே பொருந்துமாம். வெற்றுக் கட்டம் என்பது அவருடைய சொல்லே.

இவ்விடத்தில் ஆசிரியர் தரப்பைக் கேளாது தீர்ப்புக் கூறுதல் நியாயமன்று. மோர்டோர் கிழக்கில் அமைந்தது கதையின் தேவையாலும் நிலவமைப்பின் தேவையாலுமே என்று 1961இல் அவர் விளக்கினார். அரசியல் உருவகமாகத் தமது நூலை வாசிப்பதை அவர் வெறுத்தார். 1938இல் ஜேர்மானியப் பதிப்பகமொன்று அவர் ஆரிய வழியினரா என வினவியபோது அவர் சினந்தெழுதிய மறுமொழி அவருடைய கடிதத் தொகுப்பில் உள்ளது. 1959இல் ஒக்ஸ்போட்டில் விடைபெறும் உரையில் தென்னாபிரிக்க நிறவொதுக்கலின்மீதான தமது வெறுப்பை வெளிப்படையாகக் கூறினார். இவரை இனவெறியர் என்று ஒரு சொல்லில் ஒதுக்கும் விமர்சனம் சோம்பேறித்தனமானது. ஆயினும், கதையின் தேவை என்னும் விளக்கம் மோர்டோருக்குப் பொருந்தும் அளவுக்கு ஹராட்டுக்குப் பொருந்தவில்லை. தீயோனின் கோட்டை ஏதோவொரு திசையில் இருந்தே ஆகவேண்டும். ஆனால் அவனுக்குத் துணையாக வரும் மனிதர் அனைவரும் இவ்விரு திசைகளிலிருந்து வருவதும், சேய்மை ஹராட்டின் கரிய மனிதரைப் பாதிப் பூதங்களுக்கு ஒப்பிடுவதும் கதையின் தேவைகள் ஆகா. அவை படம் வரைபவன் ஆராயாது பெற்றுக்கொண்ட சொத்துகள். மனிதனின் கொள்கை மாறியபின்னும் அவன் கையிலிருக்கும் தேசப்படம் மாறாதிருத்தல் கூடும்.

இது தவிர்க்கமுடியாததல்ல என்பதற்கு 1968இல் வெளியான ஊர்சுலா லெகுவினின் 'ஏர்த்ஸீ' சான்று. தீவுக்கூட்டமாக அமைந்த அவ்வுலகுக்கும் அவர் படத்தையே முதலில் வரைந்தார். அங்கே நாயகன் செம்மண்ணிற மேனியன். அவன் தோழன் கரியவன். கிழக்கிலிருந்து கப்பலில் வந்து கொள்ளையிடுவோரே வெண்ணிறத்தார். திசையை வைத்துக்கொண்டு நிறத்தைப் புரட்டிய அச்செயல் ஒருவகையில் ரோல்கீனுக்கு எழுதிய மறுமொழி.

ரோல்கீனின் கணக்கை அவர் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்து பார்க்கலாம். ஜெருசலேமின் அகலக்கோட்டிலிருந்து யாழ்ப்பாணத்தின் அகலக்கோட்டுக்கு ஏறத்தாழ 22 பாகை; மைல்களில் 1500. ஹொபிற்றனிலிருந்து படத்தின் அடிவிளிம்பு வரையுள்ள தூரத்தைப் போல இன்னொரு மடங்கு. அதாவது, ஈழத்து வாசகன் ஒருவன் இந்நாவலில் தான் நிற்கும் அகலக்கோட்டைக் காண விரும்பின், அதே அளவுள்ள இன்னொரு தாளைக் கீழே ஒட்டவேண்டும். நாவலின் நாயகருள் ஒருவனான அரகோர்ன் ரூனுக்கும் ஹராட்டுக்கும் சென்று வந்தவன். அங்கே விண்மீன்கள் அந்நியமானவை என்று சொல்கிறான். முது மந்திரவாதியாகிய கன்டால்ஃப் தெற்கிலும் ஒரு பெயரால் அறியப்பட்டவன், கிழக்கே மட்டும் போவதில்லை. இருவரும் கண்டவற்றைக் கதை பின்தொடர்ந்து செல்வதில்லை. ஈற்றில் அரகோர்ன் அரசனாகி ஹராட்டின் மக்களோடு சமாதானம் செய்கிறான் என்பதும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது.

எனினும் ஓரிடத்தில் கதை தன் படத்தை மீறுகின்றது. 1954இல் வெளியான இரண்டாம் பாகத்தில், புரொடோவும் அவன் பணியாளாகிய சாமும் மோர்டோரின் எல்லையை நெருங்குகையில், தென்னாட்டுப் படையொன்றைக் கொண்டோரின் வீரர் மறைந்திருந்து தாக்குகின்றனர். வெட்டுண்ட ஹராட் வீரனொருவன் சாமின் காலடியில் முகங்குப்புற வந்து விழுகிறான். மனிதர் மனிதரோடு பொரும் போரைச் சாம் காண்பது அதுவே முதல்முறை. இறந்தவனின் முகம் தனக்குத் தெரியாததில் அவனுக்கு ஓர் ஆறுதல். ஆயினும் அவன் பெயர் என்ன, எங்கிருந்து வந்தான், உள்ளத்தால் உண்மையில் தீயவனா, எந்தப் பொய்யும் எந்த அச்சுறுத்தலும் அவனை வீட்டிலிருந்து இத்தனை தூரம் நடத்திவந்தன, அங்கேயே அமைதியாக இருந்துவிட அவன் விரும்பியிருக்கமாட்டானா என்று தோட்டக்காரனான சாமுக்குள் வினாக்கள் எழுகின்றன. நாவலின் அரசரும் அறிவரும் கேளாத வினாக்கள் இவை. ஊரின் பெயரைக் கேட்கிறான் சாம். அதற்கு விடை சொல்லவேண்டிய கட்டம் வெறுமையாகக் கிடக்கிறது. சோம் போர்க்களத்திலிருந்து மீண்ட ஒருவரே இவ்வரிகளை எழுதியிருக்க முடியும். இறந்த பகைவனின் சட்டைப்பையில் வீட்டுக்கடிதம் இருக்கக்கூடும் என்பதை அறிந்தவரின் எழுத்து இது.

அவ்வினாக்கள் சாமின் மனத்தில் ஒரு கணமே நிற்கின்றன. உடனே காட்டினூடே மரங்கள் முறியும் ஓசையும் பேரிரைச்சலும் எழுகின்றன; ஹராட்டின் யானை சரிவிலிருந்து இறங்கி ஓடிவருகிறது. சாம் வாய்பிளந்து நிற்கிறான். ஊரில் பாட்டாய்க் கேட்டும் நம்பாதிருந்த விலங்கை நேரிற் கண்டுவிட்ட மகிழ்ச்சியில் அவனுடைய மூச்சு நீண்டு வெளிவருகிறது. காலடியில் கிடந்தவனைப் பற்றி அதன்பின் அந்த அத்தியாயத்தில் பேச்சில்லை.